இட்லித் தட்டில் தயிர் ஐஸ்

புழல் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது இரண்டு: ஒன்று ஏரி, இன்னொன்று ஜெயில். 1876-ல் கட்டிய ஏரி 3.3 டிஎம்சி தண்ணீரைத் தேக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெயில் 2006-ல் வந்தது. மூன்றாவதாக இந்தப் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது பால். பக்கத்து மாதவரத்தில் 1963-ல், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசின் உதவியோடு வந்த பால்பண்ணை இன்றும் ஆவினுக்காக ஓடுகிறது. விடியற்காலையில் ஜிஎன்டி ரோட்டு டீக்கடைகளுக்கு முன்னால் அடுக்கியிருக்கும் பால் டப்புகளைப் பார்த்தால் போதும், இந்த வட்டாரத்துக்கும் பாலுக்கும் உள்ள உறவு புரிந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் குழலில் அடைத்த, பச்சை ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் ‘பெப்சி’ ஐஸ். உள்ளே சாயம், சர்க்கரை, எந்தத் தண்ணீர் என்று தெரியாத தண்ணீர். வாங்கிக் கொடுக்கும் ஆயாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மே 4-ல் அக்னி நட்சத்திரம் தொடங்கி 28 வரை வெயில் ஆளைக் கொல்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. பிள்ளை கேட்கும்போது சில்லென்று எதையாவது கொடுக்கத்தான் வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் வடசென்னைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். காசிமேட்டுப் படகுகளுக்கும் மீன் கூடைகளுக்கும் போகிற பார் ஐஸும், சர்பத்தில் உடைத்துப் போடுகிற ஐஸும் பார்வைக்கு ஒன்றுதான். சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் கொடுக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்முடைய வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாகாது. பெரும்பாலானவை தூங்கும், வயிற்றுக்குள் போனதும் எழுந்துகொள்ளும்.

இதே கணக்கு நல்ல கிருமிக்கும் பொருந்தும். தயிரை உறைய வைத்தால் அதிலுள்ள பாக்டீரியாக்களில் கொஞ்சம் சாகும், மிச்சம் தூங்கும். எனவே வீட்டில் செய்கிற தயிர் ஐஸை மருந்து என்றோ, ‘ப்ரோபயாடிக்’ என்றோ யாரும் கூவத் தேவையில்லை. அது இனிப்புப் பண்டம். ஆனால் என்ன தண்ணீர், என்ன பால், எவ்வளவு சர்க்கரை என்று அம்மாவுக்குத் தெரிந்த இனிப்புப் பண்டம். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

தயிர் ஐஸ் அமெரிக்காவில் 1970-களில் கடைக்கு வந்த சரக்கு. 1981-ல் ஆர்கன்சா மாநிலத்தில் ‘டிசிபிஒய்’ என்ற கடை தொடங்கிய பிறகு ஊர் ஊராகப் பரவியது. அந்தக் கடைகளில் உறையும்போதே இயந்திரம் கடைந்துகொண்டிருக்கும். காற்று உள்ளே போகும், ஐஸ் துகள்கள் வளர நேரம் கிடைக்காது, அதனால் மெத்தென்று வரும். நம் வீட்டில் அந்த இயந்திரம் கிடையாது. இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், அதன் தலையில் பனி படிந்த சின்ன ஃப்ரீசர். அதில் தயிரை அப்படியே டம்ளரில் ஊற்றி வைத்தால் மறுநாள் கிடைப்பது செங்கல். பிள்ளை ரெண்டு தடவை நக்கிவிட்டு, “புளிக்குதும்மா” என்று வைத்துவிடும்.

கோளாறு தண்ணீரில் இருக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, 9 சதவீதம் மற்ற சத்துகள். மிச்சம் 85 சதவீதம் தண்ணீர்தான். அந்தப் பாலில் தோய்த்த தயிரிலும் அதே தண்ணீர். அது மெதுவாக உறையும்போது பெரிய பெரிய படிகமாகிறது. நாக்கில் நறநறவென்று படுவது அதுதான். ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் புழலில் இருந்துகொண்டு தண்ணீரை விரட்டும் வழி சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. குல்ஃபிக்காரர் பாலை அடுப்பில் சுண்டக் காய்ச்சித் தண்ணீரை விரட்டுகிறார். குஜராத்திகளும் மராட்டியர்களும் ஸ்ரீகண்ட் என்ற இனிப்புக்குத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நமக்கு இரண்டாவது வழி சுலபம், கேஸும் மிச்சம்.

அரை லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலக்குங்கள். வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். தோய்ந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும், வெளியே விட்டால் இந்தச் சூட்டில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, சலவை செய்த வெள்ளை வேட்டித் துண்டில் கொட்டி, மூட்டையாக முடிந்து, வடிதட்டின் மேல் வைத்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள். குழாயில் கட்டித் தொங்கவிடுவது பழைய பழக்கம், ஆனால் மே மாதத்துக்கு அது சரிவராது. காலையில் கீழே இளம்பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் இருக்கும். புளிப்பில் ஒரு பங்கும் அதோடு வடிந்திருக்கும். துணியைப் பிரித்தால் வெண்ணெய் மாதிரி வழித்தெடுக்கலாம். எடை பாதிக்கும் கொஞ்சம் குறைவாக நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்லது கிடையாது.

இனி பழம். பங்கனபள்ளி ஒன்றைத் தோல் சீவி அரைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்சி இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. பழத்துக்கு அது தாராளம். தயிரை மட்டும் அதில் போடவேண்டாம், கொஞ்சம் அதிகமாகச் சுற்றினாலும் வெண்ணெய் திரண்டுவிடும். கரண்டியால் அடித்தாலே போதும். சர்க்கரை நாலு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ருசி பார்க்கும்போது இனிப்பு ஒரு துளி தூக்கலாகத் தெரிய வேண்டும், குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் உறைக்கும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தண்ணீர் முழுவதையும் உறையவிடாமல் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். ‘சர்க்கரையே சேர்க்கவில்லை’ என்று பெருமையாகச் செய்கிற தயிர் ஐஸ் கல்லாகிப் போவதும் அதனால்தான். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்கள் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம், வழுவழுப்பு தானே வரும். தர்பூசணி வேண்டாம், விரட்டிய தண்ணீர் திரும்பி வந்துவிடும். அன்னாசியைப் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் போட்டால் தொல்லையில்லை.

பழம் இல்லாமலும் செய்யலாம். புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இலங்கையில் சட்டித் தயிரில் கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவது பெரிய விருந்து. கித்துளுக்கு இங்கே எங்கே போவது? கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகாகக் காய்ச்சி ஆறவைத்து, வடித்த தயிரில் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த ருசி வரும். மாம்பழத்தைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல். பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு வைத்தால் தோற்றுப்போவேன் என்பது வேறு விஷயம்.

அச்சு என்று தனியாக எதுவும் வாங்கவேண்டாம். ஓட்டையில்லாத எவர்சில்வர் மினி இட்லித் தட்டு இருந்தால் அதுவே போதும். அலுமினியம் வேண்டாம், தயிரின் புளிப்புக்கு ஆகாது. குழி சின்னது, எவர்சில்வர் பிளாஸ்டிக்கைவிடச் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், அதனால் சட்டென்று உறையும். சட்டென்று உறைந்தால் படிகம் சின்னதாகவே நின்றுவிடும். தட்டை ஃப்ரீசர் தரையோடு ஒட்டி வையுங்கள், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் மீன் வாசனை ஏறிவிடும். மூன்று மணி நேரம் கழித்துத் தட்டின் அடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஸ்பூன் முனைக்கே பெயர்ந்து வரும். ஒரு வாய்க்கு ஒன்று. கையில் ஒழுகாது, குச்சி வேண்டாம், சட்டை கெடாது.

முந்திரி, பாதாம் தூவுவதென்றால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொடித்துத் தூவுங்கள், முழுதாகப் போட்டால் தொண்டையில் சிக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்ததைக் கொடுக்கவே கூடாது. “ஐஸ் தின்னா சளி பிடிக்கும்” என்கிற ஆயாக்களுக்கு ஒரு வார்த்தை: சளி வைரஸால் வருகிறது, ஐஸால் அல்ல. இழுப்பு உள்ள பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் கரண்ட் போய் எல்லாம் உருகிவிட்டதா? வந்த பிறகு திரும்ப உறைய வைக்காதீர்கள். இரண்டாம் தடவை படிகம் பெரிதாகும், இடைப்பட்ட சூட்டில் கிருமியும் பெருகியிருக்கும். குளிர்ச்சி குறையும் முன்பே டம்ளரில் ஊற்றி, ஏலக்காய் ஒரு சிட்டிகை போட்டு, லஸ்ஸி என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.