வாகனக் கொட்டகைத் தரை

வாகனக் கொட்டகைத் தரை என்பது வீட்டோடு சேர்ந்தோ வீட்டுக்கு அருகிலோ கார், ஜீப், இருசக்கர வண்டி முதலியவற்றை நிறுத்தி வைப்பதற்கென அமைக்கப்படும் இடத்தின் தளத்தைக் குறிக்கும். அத்தளத்தைத் தேய்மானம், ஈரம், எண்ணெய், அமிலம் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக அதன்மேல் பாவப்படும் கல், ஓடு, பூச்சு என்பனவும் இதனுள் அடங்கும். வெளியே உள்ள சேறும் மழைநீரும் சக்கரங்களோடு உள்ளே வருவதாலும், பாரம் சில சிறு புள்ளிகளில் மட்டும் விழுவதாலும், எரிபொருள் சிந்த வாய்ப்பு இருப்பதாலும் வீட்டின் பிற அறைகளுக்குப் பொருந்தும் தரை இதற்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

சொல்

ஆங்கிலத்தில் வழங்கும் கராஜ் என்னும் சொல், 'பத்திரமாக ஒதுக்கி வை' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டில் கராஜ் என்றால் பழுதுபார்க்கும் பட்டறையையே பலரும் கருதுவர். வீட்டில் வண்டி நிற்கும் இடம் கார் ஷெட், போர்டிகோ, பார்க்கிங் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. நான்கு புறமும் சுவரும் கதவும் கொண்ட தனிக் கொட்டகை இங்கு குறைவு. முன்புறம் திறந்த போர்டிகோவோ, தகரம் அல்லது ஓடு வேய்ந்த சாய்ப்போதான் மிகுதி. எனவே மேலைநாட்டுக் கையேடுகள் கூறும் பரிந்துரைகளை அப்படியே இங்கு பின்பற்ற இயலாது. அந்நாடுகளிற் பலவற்றில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு சக்கரத்தோடு வந்து தரையை அரிப்பதே முதன்மையான சிக்கலாகும். தமிழ்நாட்டில் அச்சிக்கல் இல்லை. செம்மண் சேறும் மழையும் வெயிலுமே இங்குள்ள தரையைக் கெடுக்கின்றன.

தரை எதனால் உடைகின்றது

காரின் எடை தரையை உடைக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் காற்றடைத்த சக்கரம் தரைமேல் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழச் சக்கரத்தினுள் உள்ள காற்றின் அழுத்தத்துக்கே சமமாகும். சாதாரணக் கார்களில் இது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை இருக்கும். நன்றாக இட்ட காங்கிரீட்டுக்கு இது மிகச் சிறிய சுமையே. இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தருவன இரண்டு. ஒன்று, சக்கரம் மாற்றும்போது வைக்கும் ஜாக்கி. மற்றொன்று, இருசக்கர வண்டியின் நிறுத்துகால். விரல் அகலமே உள்ள இரும்பு முனை வண்டியின் எடையைத் தாங்கி ஓர் ஓட்டின் மேல் நாள்தோறும் ஒரே இடத்தில் ஊன்றும்போது, அவ்வோட்டின் அடியில் சிறு வெற்றிடம் இருந்தாலும் ஓடு விண்டுவிடும். பார்க்கிங் டைல்ஸ் உடைந்து கிடக்கும் வீடுகளில் பழி கார் மேல் விழுகின்றது. குற்றம் பெரும்பாலும் ஓட்டின் அடியில் கலவை நிறையாமல் விட்ட வேலையில்தான் இருக்கும்.

கல்வராயன் மலைச் சூழல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலையில் உள்ள ஊர் கரியாலூர். 2019 ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டது. இம்மலை ஏறத்தாழ 2000 முதல் 3000 அடி வரை உயரமுடையது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் இங்கு கிடைக்கின்றன. மரவள்ளி, சாமை, தினை முதலியன பயிராகின்றன.

இத்தகைய மலையூரில் வாகனக் கொட்டகை அமைப்பவர் சமவெளியில் இல்லாத மூன்று நிலைகளை எதிர்கொள்கின்றார். முதலாவது, மனை சரிவில் அமைந்திருக்கும். மேற்புறத்தை வெட்டி அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டி மனையைச் சமன்செய்வது வழக்கம். வெட்டிய பகுதி உறுதியாகவும் கொட்டிய பகுதி நெகிழ்வாகவும் இருப்பதால், ஓரிரு மழைக்காலத்துக்குப் பின் இரண்டும் சேரும் கோட்டிலேயே தரை பிளக்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் இப்பிளவு நிற்காது. இரண்டாவது, மேற்சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிக் கொட்டகைத் தரையின் அடியில் கசிவாக வரும். மூன்றாவது, மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காலையில் நிலவும் ஈரக்காற்று. தரை காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் வேளையில் நீர்த்துளிகள் அதன்மேல் படியும். வழவழப்பான ஓட்டில் இந்தத் துளிகள் கண்ணுக்குத் தெரியா. விடியலில் செருப்புக் காலோடு வண்டியை எடுக்க வருபவர் வழுக்கி விழுவது இதனாலேயே. முதியவர் உள்ள வீட்டில் இடுப்பெலும்பு முறிவு என்பது சிறு விடயமன்று. மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை சேரும் நேரத்தையும் கருதினால், தரையின் அழகைவிட அதன் சொரசொரப்பே முதலில் பார்க்கப்பட வேண்டியதாகும்.

மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் பழைய வீடுகளில் மண்தரையும் சாண மெழுக்குமே வழக்கம். மெழுகிய தரை வெறுங்காலுக்கு ஏற்றது, வண்டிக்கு ஏற்றதன்று. சக்கரம் திரும்பும் இடத்தில் மெழுக்கு உரிந்து குழியாகும், சிந்திய எண்ணெயை மண் உறிஞ்சிக்கொள்ளும். இருப்பினும் ஓர் இருசக்கர வண்டிக்காக மட்டும் கொட்டகைத் தரை முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சக்கரம் செல்லும் வழியிலும் நிறுத்துகால் ஊன்றும் இடத்திலும் பலகைக் கற்களைப் பதித்தால் போதுமானது.

அடித்தளம்

எவ்வகைத் தரைக்கும் அடித்தளமே உயிர். கொட்டிய மண்ணை ஒரே தடவையில் நிரப்பாமல், ஏறத்தாழ அரை அடி உயர அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசுக் கட்டையாலோ அதிர்வு எந்திரத்தாலோ இறுக்க வேண்டும். இயன்றால் ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுப் பின்னர் தளம் இடுவது நன்று. அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. வரை உடைகல் அல்லது சரளை பரப்பப்படும். மேற்சரிவு உள்ள பக்கத்தில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் தோண்டி, அதில் ஜல்லி நிரப்பி நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றிவிட்டால் கசிவு பெருமளவு குறையும். உடைகல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் இடையே தடித்த பாலித்தீன் தாளை விரித்தல் வேண்டும். மண்ணின் ஈரம் மேலேறுவதைத் தடுப்பது இதுவே. செலவு மிகக் குறைவு. ஆயினும் தளம் இட்ட பின்னர் இதைச் சேர்க்க வழியே இல்லை.

காங்கிரீட்டுத் தளம்

கார் நிற்கும் தளத்துக்கு 10 செ.மீ. தடிப்புப் போதுமானது. டிராக்டரோ சரக்கு வேனோ நிற்குமாயின் 15 செ.மீ. தேவை. கலவை 1 : 1½ : 3 (சிமெண்டு, மணல், ஜல்லி). 3 மீ. அகலமும் 5.5 மீ. நீளமும் உள்ள ஒரு கொட்டகைக்கு 10 செ.மீ. தடிப்பில் 1.65 கன மீட்டர் காங்கிரீட்டு வேண்டும். இதற்கு 13 அல்லது 14 மூட்டை சிமெண்டு ஆகும். ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் சேர்க்கலாகாது. பரப்புவதற்கு எளிது என்று நீரைக் கூட்டினால், உலர்ந்த பின் மேற்பரப்பு மாவாக உதிரும். பெருக்கப் பெருக்கத் தூசி வந்துகொண்டே இருக்கும் தரைகளிற் பல இவ்வாறு கெட்டவையே.

கம்பிவலை இடுவோர் அதைப் பாலித்தீன் தாளின் மேல் கிடத்திவிட்டு அதன்மேல் காங்கிரீட்டைக் கொட்டுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். வலை தடிப்பின் நடுவிலோ சற்று மேலோ இருந்தால்தான் விரிசலைப் பிடித்து நிறுத்தும். சிறு காங்கிரீட்டுத் துண்டுகளைக் கீழே முட்டுக் கொடுத்து வலையை உயர்த்தலாம்.

காங்கிரீட்டு உலரும்போது சுருங்கும் இயல்புடையது. எனவே எங்கேனும் ஓரிடத்தில் விரியத்தான் செய்யும். அது எங்கே விரிய வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதற்காக, தடிப்பில் நான்கில் ஒரு பங்கு ஆழத்தில், ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு ஒரு கோடாக வெட்டு இடுவர். மேற்குறித்த அளவுள்ள கொட்டகைக்குக் குறுக்கே நடுவில் ஒரு வெட்டுப் போதும். மண் வெட்டிய பகுதியும் கொட்டிய பகுதியும் சேரும் இடம் தெரியுமாயின், அங்கே வெட்டு இடுவதே அறிவுடைமை.

சரிவு வெளிநோக்கி 80க்கு 1 என்ற அளவில் இருக்கலாம், 5.5 மீட்டர் நீளத்துக்கு இது ஏறத்தாழ 7 செ.மீ. ஆகும். மேற்பரப்பைக் கரணையால் வழவழப்பாக்காமல், இறுகும் தறுவாயில் விளக்குமாற்றால் ஒரு முறை குறுக்கே இழுத்தால் மெல்லிய வரிகள் விழும். சறுக்காத தரைக்கு இதைவிட மலிவான வழி இல்லை. நீராற்றுதல் சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்கள். மழை பெய்கின்றதே என்று நீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாகாது. கூரைக்குக் கீழுள்ள தளத்துக்கு மழை நீர் எட்டுவதில்லை.

கல்லும் ஓடும்

கடப்பாக் கல் தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தரைக்கல். இது சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. ஆகையால் அமிலம் பட்டால் பொங்கி அரிபடும். வண்டி மின்கலத்தில் கந்தக அமிலம் இருப்பதை எண்ணினால், மின்கலத்தைக் கழற்றி வைக்கும் மூலையிலாவது இக்கல்லைத் தவிர்ப்பது நன்று. கருங்கல்லுக்கு (கிரானைட்டு) இக்குறை இல்லை. ஆனால் மெருகிடாத, தீயால் சொரசொரப்பாக்கிய வகையையே வாங்க வேண்டும்.

பார்க்கிங் டைல்ஸ் எனப்படும் தடித்த ஓடுகள் இப்போது மிகப் பரவலாக உள்ளன. சாதாரணத் தரை ஓட்டை விடத் தடித்தவை, மேற்புறம் மேடுபள்ளம் உடையவை. பதித்த மறுநாள் ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தல் வேண்டும். வெற்றொலி எழும் ஓட்டை உடனே எடுத்து மறுபடியும் பதிக்கச் செய்யலாம். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடு, சிவப்புக் காவித் தரை ஆகியன வீட்டினுள் அழகு தருவன. இவற்றின் நிறமடுக்கு மெல்லியது. சக்கரத்தோடு வரும் மணல் அதைத் தேய்த்துவிடும்.

சிமெண்டுப் பாவுகற்கள் (பேவர் பிளாக்) மலைப்பகுதிக்கு ஓரளவு பொருத்தமானவை. மண் சற்றுத் தாழ்ந்தாலும் கற்களைப் பெயர்த்து, மணலை நிரப்பி, மீண்டும் அடுக்கலாம். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 15658 தரப்படி, கார் நிறுத்துமிடம் போன்ற குறைந்த போக்குவரத்துக்கு 60 மி.மீ. தடிப்புள்ள கல் ஏற்றது. நடைபாதைக்கான 50 மி.மீ. கல்லை விலை கருதி வாங்குவது பின்னர் நட்டத்திலேயே முடியும். இதன் குறை, இடுக்குகளில் களையும் எறும்பும் புகுவது, சிந்திய எண்ணெய் கீழே மண்ணில் இறங்குவது ஆகியன. கிணறு அருகில் இருப்பின் எண்ணெய் இறங்குவதைச் சிறு குறையாகக் கொள்ள முடியாது.

எப்பாக்சிப் பூச்சு

பிசின், கெட்டிப்படுத்தி என்னும் இரு பகுதிகளைக் கலந்து பூசுவது எப்பாக்சி ஆகும். எண்ணெய், அமிலம் ஆகியவற்றை நன்கு தாங்கும், துடைப்பது எளிது. தொழிற்சாலைகளில் இதன் வெற்றியைக் கண்டு வீடுகளிலும் இது பரவியுள்ளது. ஆயினும் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. காங்கிரீட்டு இட்டு 28 நாட்களாவது கடந்திருக்க வேண்டும். தரையின் அடியிலிருந்து ஈரம் வரலாகாது. இதை அறிய எளிய சோதனை ஒன்றுள்ளது. 45 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் இறுக ஒட்டி, ஓர் இரவு கடந்து, குறைந்தது 16 மணி நேரத்துக்குப் பின் எடுத்துப் பார்த்தால், தாளின் அடியில் நீர்த்துளி அல்லது தரையில் கருமை காணப்படும் தரைக்கு எப்பாக்சி ஒட்டாது, கொப்புளித்து உரியும். மழைக்காலத்தில் இச்சோதனையைச் செய்வதே பயன் தரும். கோடையில் எந்தத் தரையும் தேறிவிடும்.

பூசும்போது காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்பது பொதுவான நிபந்தனை. மலையில் பனிமூட்டம் உள்ள காலை வேளைகள் இதனால் விலக்கப்படுகின்றன. கொண்டையூசி வளைவுகளில் ஏறி வந்த வண்டியின் சூடான சக்கரங்கள், சரியாக ஒட்டாத படலத்தைத் தம்மோடு பெயர்த்தெடுத்துவிடுவதும் உண்டு. வெயில் நேராகப் படும் திறந்த போர்டிகோவில் எப்பாக்சி மஞ்சளாகும். அதைத் தடுக்க மேலே பாலியூரித்தேன் பூச்சு தேவைப்படும். அப்பூச்சின் ஆவி மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்குத் தீங்கானது என்பதால் வேலை நடக்கும் நாட்களில் அவர்களை வேறிடத்தில் தங்கவைத்தல் நலம். தரையைச் சொரசொரப்பாக்க அமிலம் ஊற்றும் முறையைவிட எந்திரத்தால் தேய்ப்பதே பாதுகாப்பானது.

சரிவில் அமைந்த, கசிவுள்ள மனைக்கு எப்பாக்சியைப் பரிந்துரைக்க இயலாது. வரியிட்ட காங்கிரீட்டின் மேல் சிலிக்கேட்டுக் கரைசலைத் தெளிப்பது அத்தகைய இடத்துக்குப் பொருந்தும். இக்கரைசல் காங்கிரீட்டினுள் ஊறி அதன் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பைக் கெட்டியாக்குகின்றது. தனிப் படலமாக நில்லாததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. இரப்பர் விரிப்பும் பிளாஸ்டிக்குப் பலகைகளும் ஈரத்தை அடியில் தேக்கிப் பூஞ்சையையும் பூரானையும் வளர்ப்பதால் மழைமிகு இடங்களில் அடிக்கடி தூக்கிக் காயவைக்க வேண்டியிருக்கும்.

தீயும் நச்சும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே கொட்டகைத் தரை வீட்டுத் தரையை விடத் தாழ்ந்தும், சரிவு வெளிநோக்கியும் இருத்தல் வேண்டும். தரையில் சேமிப்புக் குழி, மூடிய சாக்கடைத் தொட்டி முதலியன அமைத்தால் ஆவி அங்கே தங்கிவிடும். கொட்டகையை ஒட்டிய அறையில் விறகடுப்போ எரிவாயு உருளையோ வைத்தல் ஆபத்தானது.

பராமரிப்பு

புதிதாகச் சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூள், உலர்ந்த களிமண், சாம்பல் இவற்றுள் ஒன்றைத் தூவி ஓர் இரவு விட்டுப் பெருக்கினால் பெரும்பகுதி நீங்கும். நீரை ஊற்றினால் கறை பரவும். மின்கல அமிலம் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, பொங்குதல் நின்ற பின்னரே கழுவ வேண்டும். மலையில் சேகரிக்கப்படும் கடுக்காயைக் கொட்டகையில் காயவைப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புத் துருவோடு சேர்ந்தால் அழியாத கருமை உண்டாகும். வண்டி நிற்கும் ஈரத்தரையில் இரண்டும் எளிதில் சந்திக்கும் என்பதால், காய்களைத் தார்ப்பாயின் மேல் பரப்புவதே வழி.

வெட்டுக் கோடுகளில் சேரும் மண்ணை ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன், அகற்றித் தார் அல்லது நெகிழ் பசையால் நிரப்பலாம். அதே நாளில் மேற்சரிவு வாய்க்காலின் வாயில் அடைத்துள்ள இலைகளையும் நீக்குதல் வேண்டும்.