தபால்காரருக்குப் பொறுப்பு இல்லையா?

கடந்த ஆண்டு ஜூலை மாதம் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வருமான வரியில் கூடுதலாகப் பிடித்த தொகை திருப்பித் தரப்படும், வங்கி விவரங்களை இந்த இணைப்பில் உறுதி செய்யவும் என்றது அது. அனுப்புநர் பெயரில் துறையின் பெயர் இருந்தது, மேலே முத்திரையும் இருந்தது. நாங்கள் எல்லோரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருந்த நேரம் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கேட்டதையெல்லாம் நிரப்பினார், கடைசியில் வந்த ஓ.டி.பி.யையும் கொடுத்தார். 46,500 ரூபாய் போயிற்று.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் என்னிடம் சொன்னார். "முப்பது வருஷமா கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். நானே ஏமாந்துட்டேன்னு எப்படி சார் வெளியே சொல்றது?" உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிந்தோம், வங்கிக்கும் எழுதினோம். ஆனால், ஒரு நாள் கடந்திருந்தது. 11,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைக்க முடிந்தது.

அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், ஒன்பதாம் வகுப்பில் இதைப் பேசினேன். கடவுச்சொல், ஓ.டி.பி., எச்சரிக்கை என்று வழக்கமான அறிவுரைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்த மெயில் ஏதோ ஒரு கம்பெனி வழியாத்தானே வந்திருக்கும்? அவங்க ஏன் தடுக்கல? ஏமாந்தவங்களை மட்டும் ஏன் சார் குறை சொல்றோம்?"

என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்னஞ்சலை அனுப்பும் விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் புழங்கிய வலை அது. எனவே, அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. இன்லேண்ட் கடிதத்தின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே நிலைதான். (விளம்பரத் தொல்லை இதற்கும் முந்தியது. 1978 மே மாதமே ஒரு கணினி நிறுவன விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறார்.)

பிற்காலத்தில் மூன்று பூட்டுகள் வந்தன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி என்று ஒரு நிறுவனம் அறிவிப்பது எஸ்.பி.எஃப். கடிதத்தின் மேல் மின்முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். இந்தச் சோதனைகளில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். பெருமளவில் கடிதம் அனுப்புவோருக்கு இந்த மூன்றும் கட்டாயம் என்று 2024 பிப்ரவரியில்தான் கூகுளும் யாகூவும் விதித்தன. 1982 எங்கே, 2024 எங்கே!

சரி, கடிதங்களைச் சுமந்து வரும் நிறுவனங்களால் உண்மையிலேயே தடுக்க முடியுமா? 2008இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு இதற்கு நேரடியான விடை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்ற நிறுவனம் சர்வர்களை வாடகைக்கு விட்டுவந்தது. குப்பை அஞ்சல்கள் அங்கிருந்து நேராகக் கிளம்பவில்லை. உலகெங்கும் வைரஸ் தொற்றிய வீட்டு, அலுவலகக் கணினிகள்தான் உரிமையாளர் அறியாமலே அவற்றை அனுப்பின. இப்படி அடிமைப்பட்ட கணினிக் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர். ஸ்ரிஸ்பி, ரஸ்டாக் போன்ற பெரும் பாட்நெட்களுக்குக் கட்டளையிடும் சர்வர்கள் மெக்கோலோவில் இருந்தன.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதற்கான சான்றுகளைத் திரட்டியிருந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் இதழில் எழுதிவந்த பிரையன் கிரெப்ஸ், மெக்கோலோவுக்கே இணைய இணைப்பு தந்துவந்த குளோபல் கிராஸிங், ஹரிகேன் எலக்ட்ரிக் என்ற இரு பெரிய நிறுவனங்களிடம் சான்றுகளைக் காட்டி விளக்கம் கேட்டார். நவம்பர் 11 அன்று மெக்கோலோவின் இணைப்பு அறுந்தது. அன்றே உலகின் குப்பை அஞ்சல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நீதிமன்ற உத்தரவு இல்லை, கைது இல்லை. தலைமதகை மூடியதும் அத்தனை கிளை வாய்க்கால்களும் வற்றின.

கதை அதோடு முடியவில்லை. சில நாட்களில் மெக்கோலோ வேறொரு நிறுவனத்தின் வழியாகச் சற்று நேரம் உயிர்பெற்றது. அந்த இடைவெளியில் ரஸ்டாக் தன் கட்டளை மையத்தை ரஷ்யாவுக்கு மாற்றிக்கொண்டது. சில மாதங்களில் குப்பை அஞ்சல் பழைய அளவை எட்டியது. ஆனாலும், 'எங்களால் முடியாது' என்ற பேச்சுக்கு அதன்பின் மதிப்பில்லை என்றே நினைக்கிறேன்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு, பிறர் தகவலைச் சுமந்து மட்டும் செல்லும் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அவை உரிய கவனத்துடன் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. தவறான உள்ளடக்கத்தை நீக்கும் கடமை, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் எழும் என்று 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே தீர்ப்பில் 66ஏ பிரிவும் நீக்கப்பட்டது. பேச்சுரிமைக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால், அனுப்புநர் யார் என்பதை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட வரியும் அந்தப் பிரிவில்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி பிரிவு இருக்கிறது. ஆனால், அது அனுப்பியவனைத்தான் பிடிக்கும், சுமந்தவரை அல்ல.

நிறுவனங்கள் நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இதைவிடப் பெரிய ஆபத்து. படிக்காமலே செய்யக்கூடியவை உண்டு. ஒரு வீட்டு இணைப்பிலிருந்து மணிக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் போனால் அது இயல்பானதல்ல என்று எண்ணிக்கையே சொல்லிவிடும். வீட்டு இணைப்புகளில் மின்னஞ்சல் நேரடியாக வெளியேறும் 25ஆம் எண் வாசலைப் பல நிறுவனங்கள் மூடி வைப்பதும் இதனால்தான். புகார் வந்தால் விசாரிப்பது இன்னொன்று. ஒவ்வொரு நிறுவனமும் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு புகார் முகவரி வைத்திருக்க வேண்டும் என்ற இணைய நெறிமுறை 1997 முதலே இருக்கிறது.

அடுத்த வாரம் கணித ஆசிரியைக்கு வந்த கடிதத்தை வகுப்பில் திரையிட்டோம். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தால் கடிதம் கடந்து வந்த பாதை தெரியும். தபால் முத்திரைகளைப் போல, ஒவ்வொரு சர்வரும் 'ரிசீவ்டு' என்ற ஒரு வரியைச் சேர்த்திருக்கும். மேலே இருப்பதே கடைசி முத்திரை. கீழுள்ளவற்றை மோசடிக்காரர்கள் போலியாகச் சேர்க்க முடியும், நம் சேவை நிறுவனம் இட்டதை நம்பலாம். மூன்று பூட்டுகளுக்கும் எதிரே 'பாஸ்' என்றே இருந்தது. மாணவர்கள் குழம்பினார்கள், நானும்தான். பிறகுதான் புரிந்தது: பெயர் மட்டுமே பொய், முகவரி மெய். வெளிநாட்டு ஆடைக் கடை ஒன்றின் கணக்கைக் கைப்பற்றி, அதிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். கைபேசித் திரையில் துறையின் பெயர் மட்டும் தெரிந்ததால் அவர் முகவரியைப் பார்க்கவில்லை.

அந்தக் கடைக்குச் சர்வர் தந்த நிறுவனத்தின் புகார் முகவரிக்கு, கடிதத்தின் முழு மூலத்தையும் இணைத்து எழுதினோம். ஆங்கில வரைவை மாணவர்களே தயாரித்தார்கள். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. நான்காம் நாள் இரண்டு வரியில் இன்னொன்று: அந்தக் கணக்கு முடக்கப்பட்டது.

வகுப்பில் வாசித்துக் காட்டினேன், கைதட்டினார்கள். அந்த மாணவி மட்டும் கேட்டாள்: "நமக்கு முன்னாடி யாராவது எழுதியிருந்தா, டீச்சர் பணம் போயிருக்காதுல்ல சார்?"