சம்பளம் இல்லாத மாணவனுக்கு நஷ்ட ஈடு உண்டா?

விடுதியின் சாப்பாட்டு மேசையில் சட்ட மாணவன் ஒருவன் வந்து அமர்ந்துவிட்டால் இலவச ஆலோசனை கேட்பவர்களுக்குக் குறைவே இராது. என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி சாலை விபத்தைப் பற்றியது. மால் ரோடைக் கடக்கும் மாணவன் மீது கார் மோதிக் கை போய்விட்டால் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்கலாம். ஒரு காசும் சம்பாதிக்காதவன் வருமான இழப்பு என்று எதைக் கேட்பது?

நியாயமான கேள்விதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல்களும் இதையேதான் கேட்பார்கள். சுப்ரீம் கோர்ட் 2010-இல் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. மெஸ்ரா பி.ஐ.டி.யில் பொறியியல் இறுதியாண்டு படித்த மாணவர் ஒருவர் 1993-இல் நடந்த விபத்தில் வலக்கையை இழந்தார். ஊனம் 70 சதவீதம். படிப்பை முடித்து உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தால் ஆண்டுக்கு ரூ. 60,000-க்குக் குறையாமல் பெற்றிருப்பார் என்று நீதிபதிகள் கொண்டனர். அதில் 70 சதவீதம் ரூ. 42,000. அதை 18-ஆல் பெருக்கினால் ரூ. 7,56,000. மருத்துவச் செலவு இதற்கு மேல். ஆக, கோர்ட் கணக்கிட்டது மாணவனின் சட்டைப்பையை அல்ல, அவன் போகவிருந்த வழியை.

அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்பீர்கள். டில்லி போக்குவரத்துக் கழகத்தின் மீது நடந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2009-இல் வயதுக்கேற்ற பெருக்கெண் அட்டவணை ஒன்றை வகுத்தது. 15 முதல் 25 வயது வரை 18. 26 முதல் 30 வரை 17. வயது ஏற ஏற எண் இறங்கும். நம்மில் பெரும்பாலோர் உச்சப் படியில்தான் நிற்கிறோம்.

சதவீதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டாக்டர் சான்றிதழில் எழுதுவது உடலின் ஊனம். கோர்ட் பார்க்க வேண்டியதோ அந்த ஊனத்தால் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதை. இடக்கை போன ஒரு டிரைவருக்குத் தொழிலே போயிற்று. அதே கை போன குமாஸ்தா தம் நாற்காலியில் தொடரக்கூடும். 2020-இல் டில்லியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், வலக்கையை இழந்த இருபது வயது டைப்பிஸ்டின் இழப்பை உயர் நீதிமன்றம் 45 சதவீதம் என்று வைத்திருந்தது. சுப்ரீம் கோர்ட் அதை 65 ஆக்கியதோடு, எதிர்கால உயர்வுக்காக வருமானத்தில் 40 சதவீதம் கூட்டியது. ஆகவே என்ன படிக்கிறோம், அதற்கு எந்த உறுப்பு வேண்டும் என்பதைச் சாட்சியத்தில் சொல்லியாக வேண்டும். வயலின் பயிலும் மாணவிக்கு இடக்கையின் ஒரு விரல் சிறு இழப்பா? டாக்டர் இதையெல்லாம் எழுதமாட்டார்.

இவ்வளவு உரிமையும் சாலையோரத்திலேயே கைவிட்டுப் போவதுண்டு. அடித்த வண்டிக்காரர் நாலாயிரமோ ஐயாயிரமோ நீட்டுவார். இந்தியில் ஒரு தாள் வரும். அதன் பெயர் ராஜீநாமா. நம்மூரில் ராஜிநாமா என்றால் பதவியைத் துறப்பது. இங்கே வழக்கைத் துறப்பது! படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். பிறகு எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். "பாவம், ஏழை டிரைவர்" என்ற இரக்கமும் நமக்கு உண்டு. நல்ல குணம்தான். ஆனால் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம். பெரும்பாலும் பணம் தருவது கம்பெனி. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் பலத்த காயத்திற்கு ரூ. 50,000, உயிரிழப்புக்கு ரூ. 2 லட்சம் என்று 2022 முதல் திட்டம் இருக்கிறது.

போலீசில் முதல் தகவல் அறிக்கையும், ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. என்னும் பதிவும் எழுதப்பட வேண்டும். முன்பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்; உயிர் காக்கும் சிகிச்சையை எந்த டாக்டரும் மறுக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் வந்த திட்டப்படி, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை ரூ. 1.5 லட்சத்திற்குள் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

விபத்து விவரத்தைப் போலீசாரே நஷ்ட ஈட்டு நடுவர் மன்றத்திற்கு அனுப்பும் முறையை 2009-இல் தொடங்கி வைத்தது நம் டில்லி உயர் நீதிமன்றம். இன்று அது நாடெங்கும் விதி: முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், விரிவான அறிக்கை 90 நாளில். அதையே மனுவாகவும் ஏற்கலாம். இருந்தாலும் நீங்களும் மனுச் செய்யுங்கள். 2019-இல் வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அக்கெடு செல்லுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது; அதை நம்பிக் காத்திராதீர்கள். பெண்கள், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றிச் சட்ட உதவி ஆணையம் வக்கீல் தரும்.

கட்டுப் போட்ட காலோடு ஊருக்குப் போய்விட்டால் டில்லிக்கு அலைய வேண்டுமே என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி: விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் ஊரிலுள்ள நடுவர் மன்றத்திலும் வழக்குப் போடலாம். டில்லியில் அடிபட்டவர் திருநெல்வேலியில் கேட்கலாம். புறப்படும் முன் மருந்துச் சீட்டு, ஆட்டோ ரசீது, துணைக்கு வந்த அம்மாவின் ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.