சிரிக்கும் காதல் – 14: ஏமாறுவதற்கு ஒரு அப்பா

போன வாரம் ‘உருசேய் யாட்சுரா’ பார்த்தோம். ருமிகோ தகாஹாஷி 1978இல் வரையத் தொடங்கியது, 1981இல் அனிமே ஆனது, லம், அதாரு, மின்சார அடி. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் இப்படிப்பட்ட லேசான காதல் நகைச்சுவைகளின் பலவீனங்களைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் பலத்தைப் பற்றி ஒரு பாக்கி இருக்கிறது.

‘ககுயா-சாமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த அனிமே. பள்ளி மாணவர் மன்றத்தில் ஒரு பையன், ஒரு பெண். இருவரும் மகா புத்திசாலிகள், இருவருக்கும் காதல், இருவருக்கும் திமிர். முதலில் வாயைத் திறந்து சொல்பவர் தோற்றவர். உருப்படியாக ஒன்று நடப்பதற்கு மூன்றாவது சீசனின் கடைசி வரை, அதாவது 2022 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வேதகிரி மலைமேல் உச்சிவேளையில் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு, இரண்டு கழுகுகள் வருமா வருமா என்று வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளின் கடைசியோடு கழுகு வருவது நின்றுபோனது. ககுயாவிலாவது காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

அந்த மாதிரிக் கதைகளில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அப்பா அம்மா பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வெளிநாட்டு வேலை, வெளியூர் மாற்றல், இப்படி ஏதாவது ஒரு சாக்கு. தடுக்க ஆளில்லாத காதல் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுமே! அதனால் தடையைக் காதலர்களே தயாரிக்க வேண்டியிருக்கிறது. வெட்கம், வீம்பு, தவறாகக் காதில் விழுந்த பாதிப் பேச்சு. அனிமேயின் பலமும் அதுதான், இழுவையும் அதுதான்.

நம் பக்கம் கதை வேறு. நம்மிடம் அப்பா இருக்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பையன்கள். ஒருவர் மதுராந்தகம் பக்கத்துச் சித்தாமூர்க்காரர், ஸ்ரீதர். இன்னொருவர் சடகோபன், பின்னால் சித்ராலயா கோபு. ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) என்று ஊரையே அழவைத்துக்கொண்டிருந்த ஸ்ரீதரை முழுநீளச் சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று பிடித்து இழுத்தவர் கோபு. மெரினாவில் உட்கார்ந்து இருவரும் பேசிப் பேசி உருவாக்கிய கதை 1964 பிப்ரவரியில் ஈஸ்ட்மென் கலரில் ‘காதலிக்க நேரமில்லை’யாக வந்தது. ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் புதுமுகங்கள். காஞ்சனா அதற்குமுன் விமானப் பணிப்பெண். ஆழியாறு அணைப்பக்கம் வின்சென்ட் கேமராவைத் திருப்பிய இடமெல்லாம் பச்சை.

அந்தப் படத்தில் காதலர்கள் யாரும் காத்திருக்கவில்லை. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. காதல் சட்டென்று முடிவாகிவிடும். பாக்கி நேரம் முழுக்க ஒரே வேலை, பாலையாவை ஏமாற்றுவது. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வரும் டி.எஸ். பாலையா வில்லன் இல்லை. பணக்காரச் சம்பந்தம் என்றால் வாயெல்லாம் பல்லாகிவிடும் சாதாரண அப்பா. அந்த ஒரு ஆசையில்தான் பொய்கள் எல்லாம் தொங்குகின்றன. ரவிச்சந்திரன் தன்னைக் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று அளந்துவிட, சிதம்பரமாக நடிக்க நண்பன் முத்துராமன் கிழவேஷம் போட்டு வருகிறார். வந்து பார்த்தால் அவர் காதலிக்கும் காஞ்சனா அதே வீட்டின் மூத்த பெண். வருங்கால மாமனாருக்குச் சம்பந்தியாக நடிக்க வேண்டிய மாப்பிள்ளை! காதல் நகைச்சுவை நிற்பது காதலர்கள் தோளில் அல்ல, ஏமாறத் தகுந்த ஒரு மனிதர் தோளில் என்று பல வாரமாகச் சொல்லிவருகிறேன். எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செங்கல்பட்டுப் பொய் எத்தனை மொழிக்குப் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தெலுங்கில் 1965இல் ‘பிரேமிஞ்சி சூடு’, நாகேஸ்வர ராவ். இந்தியில் 1966இல் ஸ்ரீதரே இயக்கிய ‘பியார் கியே ஜா’, அதில் நாகேஷ் வேடம் மெஹ்மூதுக்கு, அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. கன்னடத்தில் 1979இல், ஸ்ரீதரின் உறவினர் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில், சங்கர் நாக் நடித்தது. இதுவரை சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கணக்கு. மராத்திக்கும் போயிருக்கிறதே! 1985, ‘தூம் தடாகா’. மகேஷ் கோட்டாரே இயக்கிய முதல் படம். நம் முத்துராமன் போட்ட கிழவேஷத்தை அங்கே போட்டவர் அசோக் சராஃப். கோடீஸ்வரர் என்றால் பைப் பிடிக்க வேண்டும் அல்லவா? பிடிக்கிறார். பழக்கமில்லாத புகை தொண்டையில் சிக்குகிறது. இருமலா, உளறலா, தொண்டையைச் செருமுவதா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் கிளம்புகிறது. கௌரவம் போய்விடக் கூடாதே என்று அதையும் மிடுக்காகவே செய்கிறார். மகாராஷ்டிரத்தில் அந்தச் சத்தம் இன்றுவரை சாகவில்லை. பேரப்பிள்ளைகள்கூடச் செய்து காட்டுகிறார்கள். 2025இல் அவர் பத்மஸ்ரீ வாங்கியபோதும் ரசிகர்கள் வாயில் முதலில் வந்தது அந்த இருமல்தான் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மெரினா மணலில் விழுந்த ஒரு பொய், இருபத்தொரு வருடம் கழித்து மராத்தியில் இருமுகிறது.

நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மராத்தி ஒரு வார்த்தையும் தெரியாது. ஏமாறும் அப்பாவாக வரும் சரத் தல்வல்கரின் முகம் போதும். எதிரே ஒருவர் இருமி இருமிச் சாகிறார், இவரோ பணக்காரர்கள் இப்படித்தான் இருமுவார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாலையாவுக்கும் அந்த முகம்தான் சொத்து. நாகேஷ் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பாவாகப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் காட்சி என்கிறோம். சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், பாலையா காட்சி என்பது தெரியும். இயக்குநர் தாதா மிராசி வாயாலேயே ஒலிகள் எழுப்பிக் கதை சொல்லும் பாணியிலிருந்துதான் அந்தக் காட்சி பிறந்தது என்பார்கள். அதே 1964இல் மிராசி இயக்கி வந்த படம் எது தெரியுமா? ‘புதிய பறவை’. பயமுறுத்திக் கதை சொல்வதைக் கிண்டலடித்த படமும், பயமுறுத்தியே காட்டிய படமும் ஒரே வருடத்தில்.

இதற்குள் பத்திரிகை ஆபீஸிலிருந்து தம்பி போன் செய்துவிட்டார். “சார், பக்கம் முடிக்கணும். பலவீனம்னு போன வாரமே பெட்டிச் செய்தி போட்டுட்டோம்.”

சரி, ஒன்றாவது சொல்லிவிடுகிறேன். ரவிச்சந்திரன் அந்தப் படத்தில் எதற்காக விஸ்வநாதன் வீட்டு வாசலில் கூடாரம் போடுகிறார்? வேலை போய்விட்டது. முதலாளி மகள்களோடு வாய்த்தகராறு, அவர்கள் சொல்லி அப்பா சீட்டைக் கிழித்துவிட்டார். வேலையைத் திருப்பிக் கொடு என்று பாட்டும் கூத்துமாக ஒரு தர்ணா. முதலாளிக்கு எதிராக வாசலிலேயே போராட்டம் என்பது 1964க்கு லேசான விஷயம் இல்லை. ஆனால் இளைய மகளாக வரும் ராஜஸ்ரீ சிரித்ததும் கூடாரத்தோடு சேர்ந்து கோரிக்கையும் மடிந்துவிடுகிறது. வேலை போனவன் மாப்பிள்ளையாகப் பார்க்கிறான், அதுவும் பொய்ப் பணக்காரனாக. வேலை என்ன ஆயிற்று என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை, நானும் நீங்களும் உட்பட. லேசான படங்கள் கனமான ஒன்றைத் தொட்டுவிட்டால் சிரித்துக்கொண்டே நழுவவிட்டுவிடும். ஜப்பானிலும் இதே நழுவல் உண்டு, அங்கே நழுவுவது வீட்டுக்கஷ்டம். ககுயாவின் ஷிரோகானே காசில்லாமல் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிற பையன், பெண்ணோ கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. பாதி நேரம் இது வெறும் சிரிப்புக்குத்தான் உதவுகிறது.

பெண்களைப் பற்றிய குறை பெரியது. பொய் சொல்வதும் வேஷம் போடுவதும் ஆண்களின் வேலை, காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் கடைசியில் மிஞ்சுவது அழகாகக் குழம்பி நிற்பது. செல்லப்பாவின் கதாநாயகியாக வரும் சச்சு மட்டும் தப்பித்தார். எப்படித் தப்பித்தார் என்பதற்கு ஒரு வாரம் முழுசாக வேண்டும். லம்மைத் திரும்பக் கூப்பிடாமல் அதைச் சொல்லவும் முடியாது. அடுத்த இதழில் சச்சுவும் லம்மும்.

(தொடரும்)