பகலுக்கு வந்த அந்துப்பூச்சிகள்

பனாமா கால்வாயின் நடுவே பாரோ கொலராடோ என்றொரு காட்டுத்தீவு இருக்கிறது. இருட்டிய பிறகு அங்கே பறக்கத் தொடங்கும் பூச்சிகளில் ஒன்று மேக்ரோசோமா. மங்கிய பழுப்பு நிறம், ஒல்லியான உடல், நூல்போல நீளும் உணர்கொம்பு. யாரிடம் காட்டினாலும் அந்துப்பூச்சி என்றுதான் சொல்வார்கள். ஜேன் யாக், ஜேம்ஸ் ஃபுல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதன் முன்னிறகு உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்றைக் கண்டார்கள். அது ஒரு காது. பூச்சி பறக்கும்போது, வௌவால் எழுப்புவது போன்ற மீயொலியை அவர்கள் ஒலிக்கவிட்டார்கள். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலி கேட்டதும் பூச்சி சட்டென்று சுழன்று திசைமாறிப் பறந்தது. வேட்டையாட வரும் வௌவாலிடமிருந்து தப்பும் வித்தை அது. 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இந்தச் செய்தி வந்தது.

அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்குக் காது உண்டு என்பது முன்பே தெரியும். ஆனால், மேக்ரோசோமா ஒரு பட்டாம்பூச்சி.

அதைப் பட்டாம்பூச்சி என்று முதலில் வாதிட்டவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மால்கம் ஸ்கோபிள். நெடுங்காலம் இந்தப் பூச்சிகளை ‘ஜியோமெட்ரிடே’ என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். 1986இல் ஸ்கோபிள் அவற்றின் உடலை உறுப்பு உறுப்பாக ஆராய்ந்தார். கம்பளிப்பூச்சியின் தலையில் இரண்டு கொம்புகள். கூட்டுப்புழு பட்டுக்கூட்டுக்குள் ஒளியாமல், இடுப்பில் ஒரு பட்டு இழையைக் கச்சைபோலக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் ஒட்டியிருக்கிறது. ஆண்பூச்சியின் முன்னங்கால்கள் நடக்க உதவாத அளவுக்குச் சிறுத்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் பட்டாம்பூச்சிக் குடும்பங்களில் காணப்படுபவை. இரவில் பறந்தாலும், உணர்கொம்பின் நுனி தடித்திராவிட்டாலும் இவை பட்டாம்பூச்சிகளே என்று அவர் எழுதினார். பின்னாளில் வந்த மரபணு ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன.

நம்மில் பலர் பள்ளியில் படித்த பாடத்தை இது அசைத்துவிடுகிறது. பட்டாம்பூச்சி பகலில் பறக்கும், அந்துப்பூச்சி இரவில் பறக்கும். பட்டாம்பூச்சி இறகை மேலே கூப்பி உட்காரும், அந்துப்பூச்சி விரித்து உட்காரும். ஒன்றின் உணர்கொம்பு நுனியில் குமிழ் இருக்கும், மற்றதற்கு இருக்காது. தோட்டத்தில் நின்று பூச்சியை அடையாளம் காண இந்த விதிகள் ஓரளவுக்கு உதவும். ஆனால், ஒவ்வொரு விதியையும் மீறுகிற பூச்சி ஒன்றாவது இருக்கிறது. இட்லிப்பூச் செடியின்முன் பட்டப்பகலில் தேன்சிட்டைப்போல அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போன்ற இறகும் பச்சை உடலும் கொண்ட அது ஒரு அந்துப்பூச்சி. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது அதன் இறகிலும் செதில்கள் இருக்கின்றன. முதல்முறை பறக்கும்போதே அவை உதிர்ந்துபோய்க் கண்ணாடி இறகு மிஞ்சுகிறது. மறுபக்கம், நெற்பயிரில் புழுவாக வளரும் ஒரு பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்து, பொழுது சாயும் நேரத்தில்தான் பறக்கக் கிளம்புகிறது.

நிபுணர்களும் ஏமாந்திருக்கிறார்கள். மடகாஸ்கர் தீவில் வானவில்லின் நிறங்களையெல்லாம் இறகில் ஏந்திப் பகலில் பறக்கும் ஒரு பூச்சி உண்டு. 1773இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய ட்ரூ ட்ரூரி அதைப் பட்டாம்பூச்சி என்றே பதிவுசெய்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து 1823இல் யாக்கோப் ஹியூப்னர் அதை அந்துப்பூச்சிகளோடு சேர்த்தார். அழகாக இருந்தால் பட்டாம்பூச்சி என்று எண்ணும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் வேர் வகைப்பாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1758இல் லின்னேயஸ் செதில் இறகுகொண்ட பூச்சிகளை மூன்று பேரினங்களாகப் பிரித்தார். பட்டாம்பூச்சிகள் எல்லாம் பாப்பிலியோ, பருந்து அந்துப்பூச்சிகள் ஸ்பிங்ஸ், மற்றவை ஃபலேனா. அவருக்குப் பின்வந்தவர்கள் உணர்கொம்பை அளவுகோலாக்கி இரண்டாகப் பிரித்தார்கள். குமிழ்க்கொம்புள்ளவை ஒரு பக்கம், வேறுவகைக் கொம்புள்ளவை மறுபக்கம். வீட்டுக் கணக்கு எழுதுபவர்கள் அரிசி, பால், வாடகை என்று எழுதிவிட்டு, மிச்சத்தையெல்லாம் ‘இதர செலவு’ என்று போடுவார்கள். அந்துப்பூச்சி என்ற பிரிவும் அப்படி வந்ததுதான். ‘இதர செலவு’க்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று உறவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட செதிலிறகுப் பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அவற்றில் பட்டாம்பூச்சிகள் சுமார் 19,000. மீதி அத்தனையும் அந்துப்பூச்சிகள். குடும்ப மரத்தை வரைந்தால் அந்துப்பூச்சிகளே அடிமரமாகவும் கிளைகளாகவும் நிற்கின்றன; பட்டாம்பூச்சிகள் அதில் ஒரே ஒரு கிளை. அதுவும் மரத்தின் உச்சியில் இல்லை. பெரிய உடலுள்ள அந்துப்பூச்சிகளே பட்டாம்பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு என்று முன்பு நம்பினார்கள். 2010இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டபோது, பட்டாம்பூச்சிகளின் இடம் சிறு அந்துப்பூச்சிக் குடும்பங்களின் நடுவே என்று தெரிந்தது.

மரத்தின் வேரை நோக்கிப் போனால் ஆச்சரியங்கள் கூடுகின்றன. செதிலிறகுப் பூச்சிகளின் உடன்பிறப்பு காடிஸ் பூச்சி. அதன் புழு ஓடைகளில் மணலையும் குச்சியையும் பட்டு இழையால் ஒட்டிக் கூடுகட்டி வாழும். அதன் இறகில் செதில் கிடையாது, ரோமம்தான். அந்த ரோமம் தட்டையாகிச் செதிலானது. பட்டாம்பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒட்டும் வண்ணப்பொடியின் ஒவ்வொரு துகளும் ஒருகாலத்து ரோமத்தின் மாற்றுருவம்.

இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய கிளையைச் சேர்ந்தவை மைக்ரோப்டெரிஜிடே என்ற குடும்பத்துக் குட்டி அந்துப்பூச்சிகள். இவற்றுக்கு உறிஞ்சுகுழல் இல்லை. வளர்ந்த பூச்சிக்கும் தாடை இருக்கிறது. அதைக்கொண்டு மகரந்தத்தை மென்று தின்கிறது. இந்த விசித்திரத்தைக் கண்டு, இவை அந்துப்பூச்சிகளே அல்ல, தனி வரிசை என்று 1917இல் சாப்மன் என்ற ஆய்வாளர் வாதாடினார். பழைய தாடையைக் கைவிடாமல் நின்றுவிட்ட மூத்த கிளை இது என்று இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மற்றவற்றில் பெரும்பாலானவை குழலுக்கு மாறிவிட்டன. அந்தக் குழலும் ஒரே உறுப்பாக வருவதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த பட்டாம்பூச்சியைக் கூர்ந்து பாருங்கள். வாயிலிருந்து இரண்டு தனி இழைகள் தொங்கும். சுருட்டியும் நீட்டியும் அவற்றை ஒன்றோடொன்று கோத்து, சிறிது நேரத்தில் தனக்குத்தானே குழல் செய்துகொள்ளும்.

மலர் வந்தது, தேன் வந்தது, தேனைக் குடிக்கக் குழல் வந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால், வடக்கு ஜெர்மனியில் ஷாண்டலா என்ற ஊரருகே துளையிட்டு எடுத்த ஒரு பாறைத்தண்டு வேறு கதை சொல்கிறது. பழங்கால மகரந்தத்தைத் தேடி அந்தப் பாறையை அமிலத்தில் கரைத்தவர்களுக்கு, கசடில் மிக நுண்ணிய செதில்கள் கிடைத்தன. டிமோ வான் எல்டைக் என்ற மாணவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதற்கு அவர் கையாண்ட கருவி, நுனியில் மனித மூக்குமயிர் ஒட்டிய ஊசி. வேறெதுவும் அவ்வளவு மென்மையாகச் செதிலைத் தொட்டெடுக்கவில்லை. 2018இல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 70 செதில்கள் பதிவாகின. அவற்றின் வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டு.

சில செதில்களின் உள்ளே வெற்றிடம் இருந்தது. உள்ளே வெற்றிடமுள்ள செதில், உறிஞ்சுகுழல் கொண்ட கிளையில் மட்டுமே உண்டு. ஆக, 20 கோடி ஆண்டுக்கு முன்பே குழல் இருந்திருக்கிறது. நாம் அறிந்த மலர்களின் புதைபடிவங்களோ அதற்குப் பல கோடி ஆண்டு பிந்தியவை. அப்படியானால் குழல் எதை உறிஞ்சியது? பைன் மரத்தின் உறவினங்கள் மகரந்தத்தைப் பிடிக்கக் கூம்புகளில் இனிப்பான ஒரு துளி நீரைச் சுரக்கின்றன. வறண்டு வெந்துகிடந்த அந்தக் காலத்தில், உடல் காயாமலிருக்க அந்தத் துளியைக் குடித்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தேன்குழல் என்று நாம் சொல்வது, தேனுக்காக முதலில் உருவானதல்ல. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வௌவால் கதைக்கு வருவோம். இரவில் பறந்த பூச்சிகளை வௌவால் வேட்டையாடியது, தப்பிப்பதற்காகச் சில பகலுக்கு ஓடிவந்தன, அவையே பட்டாம்பூச்சிகள் ஆயின என்றொரு விளக்கம் நெடுநாள் நிலவியது. அகிட்டோ கவஹாரா தலைமையிலான குழு 186 இனங்களின் 2,098 மரபணுக்களைக் கொண்டு காலக்கணக்கு போட்டு 2019இல் முடிவை வெளியிட்டது. செதிலிறகு மரபின் தொடக்கம் சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன். பட்டாம்பூச்சிகளின் மூதாதை பகலுக்கு வந்தது ஏறத்தாழ 9.8 கோடி ஆண்டுக்கு முன். ஒலியால் இரைதேடும் வௌவாலின் வயதோ சுமார் 5 கோடி ஆண்டுதான். பிறக்காத எதிரிக்குப் பயந்து யார் ஓடுவார்கள்? வௌவாலுக்கு முன்பே தேனீக்கள் வந்துவிட்டன. தேனீக்களை நம்பி மலர்கள் பகலில் தேன் சுரந்தன. அந்தத் தேனே மூதாதையைப் பகலுக்கு இழுத்திருக்கும் என்பது இப்போதைய கருத்து. காதுகளின் கணக்கும் அதே ஆய்வில் மாறியது. அந்துப்பூச்சிகளில் காது குறைந்தது 9 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அவற்றில் சில வௌவாலுக்கு முந்தியவை. வேறு ஓசைகளைக் கேட்கவே அவை முதலில் பயன்பட்டிருக்க வேண்டும்.

2023இல் அதே கவஹாராவின் பெருங்குழு ஏறத்தாழ 2,300 பட்டாம்பூச்சி இனங்களின் 391 மரபணுக்களை ஒப்பிட்டது. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன், இன்றைய வட, மத்திய அமெரிக்கப் பகுதியில் பட்டாம்பூச்சிகள் தோன்றின என்றும், ஆதிப் புழுக்கள் தின்றவை அவரைக் குடும்பத்துச் செடிகள் என்றும் அது சொன்னது. அங்கிருந்து பெரிங் நிலப்பாலம் வழியே ஆசியாவுக்கு வந்தன. அப்போது கடல்சூழ்ந்த தீவாக இருந்த இந்தியாவையும் எட்டின.

இதற்குப் புதைபடிவச் சான்று குறைவு. கிடைத்தவற்றில் மிகப் பழைய பட்டாம்பூச்சி டென்மார்க்கில் கிடைத்த தத்திப் பறக்கும் வகை, வயது 5.5 கோடி ஆண்டு. பேரழகி அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்தது. ஃபிளாரிசன்ட் என்ற ஊரில் குடியேறி வாழ்ந்த சார்லட் ஹில் என்ற பெண்மணி கண்டெடுத்த அதற்கு, 1878இல் சாமுவேல் ஸ்கடர் ‘ப்ரோட்ரியாஸ் பெர்செஃபோனி’ என்று பெயரிட்டார். வயது சுமார் 3.4 கோடி ஆண்டு. இறகின் வடிவமைப்பு இன்னமும் கல்லில் தெரிகிறது. மரபணு 10 கோடி என்கிறது, கல் 5.5 கோடி என்கிறது. இடைப்பட்ட காலத்துப் பட்டாம்பூச்சிக் கல் எங்கோ யாருக்காகவோ காத்திருக்கிறது.

நம் மொழியில் ‘பட்டு’ என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்திருப்பது பட்டாம்பூச்சி. காஞ்சிபுரத்துச் சேலைக்கு இழை தருவதோ அந்துப்பூச்சியின் புழு. மல்பெரி, டஸார், எரி, முகா என இந்தியாவில் விளையும் நான்கு பட்டும் அந்துப்பூச்சிகள் தருபவை. நெல்லின் குருத்தைக் காயவைக்கும் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சிதான். 2018இல் இந்தியாவுக்கு வந்து மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த படைப்புழுவும் அந்துப்பூச்சி இனமே. அரிசி டப்பாவில் நூலாம்படை கட்டுவதும் இன்னொரு அந்துப்பூச்சியின் புழுவே. சோற்றிலும் துணியிலும் நம்மோடு இவ்வளவு ஒட்டிய உயிருக்கு நாம் தந்திருக்கும் பெயர்கள் அந்து, விட்டில் என்று ஒருகை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தோம், நல்ல காரியம். பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்க ஆர்வலர்கள் திரளாகக் காட்டுக்குப் போகிறார்கள். அதுவும் நல்ல காரியம். அந்த மரத்தின் மற்ற கிளைகளையெல்லாம் பார்க்க அவர்களில் மிகச் சிலரே இரவில் விழித்திருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் தொடங்கிய இந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் சேர நுழைவுச்சீட்டு தேவையில்லை. நிலா இல்லாத ஓர் இரவில் மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, அதன்முன் ஒரு விளக்கை எரியவிடுங்கள். இரண்டு மணிநேரம் போதும். வருகிறவற்றைத் தொடாமல் படம் எடுங்கள், பிள்ளைகளையும் அருகில் உட்காரவையுங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். அவை தங்கள் வழியே போகட்டும்.