கசோவரி யாருக்குச் சொந்தம்?

சகோதரிகளே, வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், "யாரைப் போல?" என்றுதானே முதலில் கேட்கிறோம்! மூக்கைப் பார்த்து வாப்பா வழி என்போம்; நிறத்தைப் பார்த்து உம்மா வழி என்போம். ஆனால் சாயல் சில வேளை ஏமாற்றிவிடும். பறவைகளை வகைப்படுத்திய அறிஞர்களும் அப்படி ஏமாந்திருக்கிறார்கள்.

நியூகினித் தீவிலும் வடகிழக்கு அவுஸ்திரேலியாவிலும் உள்ள மழைக்காடுகளில் வாழ்வது கசோவரி. ஏறக்குறைய ஆள் உயரம்; பறக்கத் தெரியாது. மயிர் போன்ற கறுப்பு இறகு, நீலக் கழுத்து, தலையில் தொப்பி வைத்தாற்போல் ஒரு கொண்டை. காலின் உள்விரல் நகம் 12 சென்ரிமீற்றர் வரை வளரும். அதன் உதை ஆளையே கொல்லக்கூடியது.

1597 இல் ஒல்லாந்தர் ஒரு கசோவரியை உயிருடன் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு சென்றனர். 1758 இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அதைத் தீக்கோழியோடு ஒரே பேரினத்தில் சேர்த்தார். பெரிய உடல், பறக்காத சிறகு, வேறென்ன வேண்டும்? இரண்டே ஆண்டுகளில், 1760 இல், பிரான்சைச் சேர்ந்த பிரிஸ்ஸன் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்.

பிறகு வேறொரு குழப்பம். கழுத்தின் நிறம் சற்று மாறினாலே புதிய இனம் என்று பெயர் சூட்டினார்கள். இன்று ஏற்கப்படுபவை மூன்றே இனங்கள். கழுத்தைப் பார்த்தால் நீங்களும் கண்டுபிடிக்கலாம். தென்கசோவரிக்குத் தொங்குசதை இரண்டு, வடகசோவரிக்கு ஒன்று, குள்ளக் கசோவரிக்கு இல்லை.

சரி, உண்மையான சொந்தம் யார்? மரபணு ஆய்வுகள் விடை தந்துவிட்டன. மிக நெருங்கிய உறவு ஈமு. அடுத்தது, கோழியளவேயான நியூசிலாந்தின் கிவி! தீக்கோழியோ தூரத்து உறவுதான். பறக்கக்கூடிய தென்னமெரிக்க தினமு கூடத் தீக்கோழியைவிடக் கசோவரிக்கு நெருக்கம். அப்படியானால் இவற்றின் முன்னோர் பறந்திருக்க வேண்டும். பறக்கும் ஆற்றலை ஒவ்வொரு கிளையும் தனித்தனியே இழந்திருக்கிறது.

இதையெல்லாம் அறிந்து என்ன பயன் என்கிறீர்களா? மூன்றையும் ஒன்றென்று எண்ணினால், ஒன்று அழிந்தாலும் மற்றவை இருக்கின்றனவே என்று இருந்துவிடுவோம். அவுஸ்திரேலியாவில் வாழ்வது தென்கசோவரி மட்டுமே. காடழிப்பு, வாகனங்கள், நாய்கள் ஆகியவற்றால் அங்கே அது அருகிவருகிறது. காட்டுக் கனிகளை முழுதாய் விழுங்கி, விதைகளைத் தொலைதூரம் பரப்பும் பறவை அது. அது போனால் பெரிய விதை மரங்களுக்கும் ஆபத்து.

இன்னொரு செய்தி கேளுங்கள். முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். சுமார் 50 நாள் அடைகாத்து, பிறகு ஒன்பது மாதமளவில் குஞ்சுகளைக் கூட்டித் திரிந்து வளர்ப்பது தந்தைதான்! இதை மட்டும் இன்றிரவு வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.