சிரிப்பதற்கு முன் சொல்லைப் பிரிப்போம்

வரிச்சட்டத்தில் உள்ள ஓட்டையை ஆங்கிலத்தில் 'லூப்ஹோல்' என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் பொருளாதார வகுப்பில், தமிழ்வழியில் படித்து வந்த மாணவி ஒருத்தி அதை 'லூஃபோல்' என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது, நானும் புன்னகைத்துவிட்டேன். அதன்பிறகு அவள் வாய்விட்டு வாசிக்கவேயில்லை.

அவள் விதியை மீறவில்லை. ஆங்கிலத்தில் 'பி', 'எச்' இரண்டும் சேர்ந்தால் 'ஃப' என்று ஒலிக்கும் எனப் பள்ளியில் கற்றதைப் பின்பற்றினாள். ஆனால் இது லூப், ஹோல் என்னும் இரு சொற்களின் கூட்டு. முதற்சொல் 'பி'யில் முடிகிறது. அடுத்தது 'எச்'சில் தொடங்குகிறது. சாலைப் பள்ளத்தைக் குறிக்கும் 'பாட்ஹோல்', விபத்தைக் குறிக்கும் 'மிஸ்ஹாப்' ஆகியவையும் இத்தகையனவே. 'பிஷப்' என்பதில் 'எஸ்', 'எச்' இணைந்து ஓரொலியாகின்றன; 'மிஸ்ஹாப்' என்பதிலோ பிரிந்து நிற்கின்றன.

இது நமக்குப் புதிதன்று. தென்காசியையே எடுத்துக்கொள்வோம். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். தென் + காசி. மெல்லெழுத்தை அடுத்து வந்தாலும் அதன் 'கா', 'தங்காமல்' என்பதில் வருவதுபோல் மென்மையாக ஒலிப்பதில்லை. 'காசி' என்பதில் வருவதுபோல் வன்மையாகவே ஒலிக்கிறது. சொற்கள் கூடும் இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது.

தவறான இடத்தில் பிரித்தால் என்னாகும் என்பதற்குப் பக்கத்திலுள்ள குற்றாலமே சான்று. அதன் பழைய ஆங்கில எழுத்துக்கோவையில் நீதிமன்றத்தைக் குறிக்கும் 'கோர்ட்' முழுதாக அமைந்திருக்கிறது. ஊரறியாதவர் 'கோர்ட்டல்லம்' என்று வாசித்தால் நாம் சிரிப்பதில்லை. திருத்திச் சொல்லி அருவிக்கு வழிகாட்டுகிறோம்.

ஆங்கிலமும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை. 'கப்', 'போர்டு' கூடி 'கபர்டு' ஆகிவிட்டது. ஆகவே, பிரித்தறிவது முதற்படி. அகராதியில் சரிபார்ப்பது அடுத்த படி.

பதம் பிரித்துப் படிக்கும் பயிற்சி தமிழ்வழி மாணவரிடம் ஏற்கெனவே உண்டு. ஆங்கில ஆசிரியர் புதிய கூட்டுச்சொல்லைக் கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதிய பின் வாசிக்கச் சொன்னால் போதும். அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை அன்று நான் செலவிடவில்லை.